சாப்பிட உட்கார்ந்தா தலை தொங்கும் குழந்தைகள்: தாக்குறது புழுவா, எதிர்ப்பு சக்தியா?

[திரையில்: வடக்கு உகாண்டா வரைபடம்]

தட்டுல மக்காச்சோளக் களி, பீன்ஸ். குழந்தை ஒரு வாய் எடுத்து வைக்குது. உடனே தலை தொங்குது, நிமிருது, மறுபடி தொங்குது. நிமிஷத்துக்கு 5லிருந்து 20 தடவை. தூக்கக் கலக்கம் இல்லைங்க, வலிப்பு. கழுத்துத் தசை ஒரு நொடி பிடியை விட்டுடுது.

பேரு நாடிங் சிண்ட்ரோம். தான்சானியா, தெற்கு சூடான், உகாண்டானு வந்த இடமெல்லாம் ஆன்கோசெர்கா புழு இருக்கிற இடம். ஆற்றுக் குருட்டு நோயைக் கொடுக்கிற அதே புழு. கருப்பு ஈ கடிச்சுப் பரவுது.

ஆனா இறந்த குழந்தைகளோட மூளையில தேடினா, புழு இல்லை! அப்போ மூளையைக் கெடுத்தது யாரு?

[திரையில்: ஆன்டிபாடி படம்]

இந்த இடத்தைக் கவனமா பாருங்க. 2017ல ஒரு ஆய்வு, குழந்தைகளோட ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடிகளை (கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கிற புரதங்கள்) ஆயிரக்கணக்கான மனிதப் புரதங்களோட மோதவிட்டுப் பார்த்துச்சு. மாட்டினது லியோமோடின்-1. குடல், ரத்தக்குழாய்த் தசையில இருக்கிற புரதம்னுதான் அதுவரைக்கும் பேரு. தேடினா மூளை செல்லுலயும் இருக்கு, ஞாபகத்தைக் கவனிக்கிற ஹிப்போகாம்பஸ்லயும் சிறுமூளையிலயும். புழுவோட ட்ரோபோமயோசின் புரதத்துக்கும் இதுக்கும் சாயல் ஒத்துப்போகுது. அண்ணனைத் தேடி வந்தவன் முகஜாடையை வெச்சுத் தம்பியை அடிச்ச மாதிரி! புழுவுக்குன்னு உடம்பு தயார் பண்ணின ஆன்டிபாடி, சொந்த நரம்பு செல்லையே பிடிக்குது. ஆய்வகத் தட்டுல வளர்த்த நரம்பு செல்கள் இந்த ஆன்டிபாடி பட்டுச் செத்தும் போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கம் இது. ஆனா வழக்கு முடிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அதே கிராமத்துல நோயே இல்லாத சிலருக்கும் இந்த ஆன்டிபாடி இருந்துச்சு. அப்புறம் வந்த சில ஆய்வுகள்ல நோயோட தொடர்பே தெரியல. மூளையில டாவ்னு ஒரு நரம்பு செல் புரதம் அளவுக்கு மீறிப் படிஞ்சிருக்குன்னு இன்னொரு தடயமும் இருக்கு.

சிகிச்சைக்கு வேல்ப்ரோயேட் மாதிரி வலிப்பு மாத்திரை. விடாம கொடுக்கணும்.

[திரையில்: மாரிடி அணை, தெற்கு சூடான்]

தடுக்கிறதுக்கு ரெண்டு வேலை. முதல்ல ஐவர்மெக்டின்ங்கிற புழு மாத்திரை. எடை மெஷின் இல்லாத கிராமத்துல உயரக் கம்பு நட்டு அளப்பாங்க: 90 செ.மீ.க்குக் கீழே மாத்திரை கிடையாது, 119 வரைக்கும் 3 மி.கி. மாத்திரை ஒண்ணு, 159ம் அதுக்கு மேலயும் நாலு. இது குட்டிப் புழுக்களைத்தான் கொல்லும்; தாய்ப்புழு 10, 15 வருஷம் உயிரோட இருக்கும். அதனாலதான் வருஷா வருஷம் கொடுக்கணும், ஒரு வருஷம் விட்டாலும் குட்டிகள் மறுபடி பெருகிடும். தயவுசெஞ்சு இதை வலிப்பு மருந்துன்னு நினைச்சு யாருக்கும் வாங்கிக் கொடுத்துடாதீங்க.

ரெண்டாவது, அரிவாள்! தண்ணி சீறிப்பாயுற மதகுக்கிட்ட, நீர்ல சாய்ஞ்சு கிடக்கிற புல், கொடி எல்லாத்தையும் அறுத்துக் கரையில போடுறாங்க. ஈயோட லார்வா பின்பக்கக் கொக்கியால அந்த இலையைக் கவ்விக்கிட்டுதான் ஓட்டத்துல வர்ற தீனியை வடிகட்டித் தின்னும். இலையோட கரைக்கு வந்தா காஞ்சு செத்துடும். புல் திரும்ப முளைச்சா, திரும்ப இறங்கி அறுக்கணும்.