சொந்த இரத்தம் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். இரத்த வங்கியில் கழித்த வருடங்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, நான் ஆகக் கூடுதலாக ஏச்சு வாங்கிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலம், காலையில் ஆட்களை அக்கரை சேர்க்கிற முதல் பாதைப் படகில் ஏற்றி வந்தார்கள், இரத்தமாக வாந்தியெடுத்த ஒரு உம்மாவை. கூட வந்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். “என்ட ரத்தத்த எடுங்க டொக்டர், வேற ஆக்கள்ட வேணாம்.” நான் மாட்டேன் என்றேன். பெற்ற உம்மாவுக்குக் கொடுக்க விடாத இவரும் ஒரு டொக்டரா என்று அவர் போட்ட சத்தம் வாட்டு முழுக்கக் கேட்டது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்போம். இரத்தப் பையில் அந்தப் பழமொழி எடுபடாது. பையில் கொடுத்தவருடைய வெள்ளையணுக்களும் உயிரோடு இருக்கும். பிறத்தியாருடையது என்றால் நோயாளியின் உடல் கண்டுபிடித்து அழித்துவிடும். ஆனால் மகனுடைய அணுக்களில் தாயின் உடலுக்கு அந்நியமாகத் தெரிகிற அடையாளமே சில வேளை இராது, அதனால் அது சும்மா விட்டுவிடும், அந்த அணுக்களோ தாயை அந்நியமாகப் பார்த்துத் தோல், குடல், ஈரல், கடைசியில் எலும்பு மச்சை வரைக்கும் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். அந்த அணுக்களை முடக்கக் கதிர்வீச்சுக் கொடுத்த பை என்றால் பயமில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் அந்த வசதி ஏது? பிள்ளை பெறுகிற வயதில் உள்ள மனைவிக்குக் கணவனுடைய இரத்தமும் கூடாது, அவளுடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் பின்னால் வயிற்றுப் பிள்ளையைத் தேடிப் போகலாம்.

அந்த உம்மாவுக்கு முன்பின் தெரியாதவர்களின் இரத்தம்தான் ஏறியது. நடந்து வீட்டுக்குப் போனா. மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

இப்போது தலசீமியாவுக்கு, பரம்பரையாக வருகிற ஒரு இரத்தக் குறைபாட்டுக்கு, வருகிறேன், அதுவும் சொந்தம் சம்பந்தப்பட்டதுதான். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கொரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு வரும், அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். முந்தி அந்த இரும்பை வெளியேற்றுகிற மருந்து ஏற, இரவிரவாகத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி ஒரு குட்டிப் பம்பைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் எப்படித்தான் நித்திரை கொண்டார்களோ! இப்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற குளிசை வந்துவிட்டது.

தாயும் தகப்பனும் நோயில்லாமலே அந்தக் குறையைக் காவுகிறவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நம்மூரில் மச்சான் மச்சாளைக் கட்டுகிற வழக்கம் இருக்கிறது, ஒரே பாட்டனின் குறை இரண்டு பக்கத்தாலும் வந்து சேர அது வசதி. கட்ட முந்தி ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

சரி, கேள்விகளைக் கேளுங்கள். மச்சாளைக் கட்டினவர்களும் பயப்படாமல் கேட்கலாம்.