ஹோயா தே செரேன்: சாம்பலுக்குள் ஒரு சாயங்காலம்

[காட்சி: கூரைக்கு அடியில் ஆழமான பள்ளம். உள்ளே மண் சுவர்கள்.]

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிகம் என்றதும் காட்டுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் கல் பிரமிடுதான் நினைவுக்கு வரும். இங்கே பிரமிடு இல்லை, அரசனின் சமாதியும் இல்லை. எல் சால்வடாரில், தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 36 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஹோயா தே செரேன், உழுது பிழைத்தவர்களின் சிற்றூர்.

1976-ல் தானியக் கிடங்கு கட்டுவதற்காகப் புல்டோசர் வைத்து மண்ணை வெட்டினார்கள். ஒரு பழைய வீட்டின் களிமண் தரை தட்டுப்பட்டது. 1978-ல் தொல்லியலாளர் பேசன் ஷீட்ஸ் இங்கே ஆய்வைத் தொடங்கினார். 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

[காட்சி: அடுக்கடுக்காகத் தெரியும் சாம்பல் சுவர்.]

சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் லோமா கால்டெரா எரிமலை வெடித்தது. ஊரே பல மீட்டர் சாம்பலுக்கு அடியில் போனது. முதலில் விழுந்த சாம்பல் ஈரமாக, மாவு போல இருந்ததால் செடிகளைச் சுற்றி அப்படியே படிந்துகொண்டது. செடி மக்கிப்போன பிறகும் அதன் வடிவம் பொந்தாக நின்றது. அந்தப் பொந்துக்குள் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் மாவைக் கரைத்து ஊற்றினார்கள். மக்காச்சோளம் கதிரோடு வந்தது. மரவள்ளி கிழங்கோடு வந்தது.

[காட்சி: மண் கிண்ணம், அண்மைக் காட்சி.]

இந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாப்பிட்டவர் விரலால் வழித்த தடம் இன்னும் இருக்கிறது. பாத்திரங்கள் கழுவப்படவில்லை. படுக்கும் பாய்கள் சுருட்டியபடியே இருந்தன, யாரும் விரிக்கவில்லை. அதனால்தான் வெடிப்பு நேர்ந்தது இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் என்கிறார்கள். எந்தப் பிரமிடும் எனக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு மனிதரைக் காட்டியதில்லை.

[காட்சி: குவிந்த மண் கூரையுடன் சிறு கட்டடம்.]

இது நீராவிக் குளியல் அறை. நடுவே அடுப்பு, சுற்றிலும் உட்காரத் திண்ணை. சுமார் பத்துப் பேர் உட்காரலாம். அசலுக்குள் போக முடியாது. அருகில் அதே மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள், குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள்.

சரி, ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்? இதுவரை தோண்டிய இடத்தில் வெடிப்பில் இறந்த ஒருவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2011-ல் ஊரிலிருந்து தெற்கே போகும் ஒரு மண் சாலையைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஓரத்தில் காலடித் தடங்கள் இருக்கின்றன. பல தடங்கள் எரிமலைக்கு எதிர்த்திசையில் போகின்றன.