நாகரிகம் சக்கரம் மாதிரி சுத்துதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "மனுஷ நாகரிகம் ஏறி ஏறி இறங்கறதுதானா? யுகக் கணக்கும் அப்படித்தானே சொல்லுது? அப்போ நம்ம காலமும் ஒரு நாள் கவுந்துடுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

யுகக் கணக்கை முதல்ல முடிச்சிடலாம். 4:3:2:1ன்னு குறைஞ்சுக்கிட்டே வர்ற நாலு யுகம், மொத்தம் 43,20,000 வருஷம். கலியுகம் மட்டுமே 4,32,000. மனுஷன் பயிர் வைக்க ஆரம்பிச்சு ஏறக்குறைய 12,000 வருஷம்தான் ஆகுது. அந்தப் படியை வச்சு ஹரப்பாவையோ ரோமையோ அளக்க முடியாது. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், மண்ணுல கிடைச்சதைப் பாப்போம்.

ஏறினது எல்லாம் ஒண்ணா இறங்கறதில்லைங்க. சிந்துவெளியில கி.மு. 2600ல இருந்து 1900 வரைக்கும் உச்சம். செங்கல்னா தடிமன் ஒண்ணு, அகலம் ரெண்டு, நீளம் நாலு. ஊருக்கு ஊர் அதே விகிதம். எடைக்கல் 1, 2, 4, 8, 16ன்னு இரட்டிச்சுக்கிட்டே போகும். 1900க்கு அப்புறம் எழுத்து போச்சு, முத்திரை போச்சு, எடைக்கல் போச்சு, மூடின சாக்கடை போச்சு. ஆனா கோதுமை போகல, மாட்டு வண்டி போகல. குஜராத்ல கம்பாத்துல இன்னிக்கும் சூதுபவள மணி செய்யறாங்க. ஒரு குடும்பம் தானே அப்பன் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற வேலை தப்பிச்சிடுது. எடைக்கல் அப்படி இல்ல. பல ஊரு வியாபாரி அதை ஒத்துக்கணும். ஒத்துக்க ஆள் இல்லேன்னா அது வெறும் கல்லு.

ரோமும் இதேதான். பாந்தியன் கோயில் கூரை 43 மீட்டர் குறுக்களவு, கம்பியே இல்லாத கான்கிரீட், இன்னும் நிக்குது. பேரரசு உடைஞ்சப்புறம் ஐரோப்பாவுல சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார் இருந்தாரு. ஆனா அந்தக் கான்கிரீட்டுக்கு வேண்டிய எரிமலைச் சாம்பலைக் கப்பல்ல கொண்டாந்து அவ்வளவு பெரிய வேலை வைக்க ஆள் இல்ல.

நம்ம ஊருக்கே வருவோம். ஏரின்னா வெறும் கரை இல்ல. வரத்துக் கால்வாய், கரை, மதகு, கலங்கல் (மிஞ்சின தண்ணி வழிஞ்சு வெளியே போற இடம்), இந்த நாலும் சேர்ந்தாத்தான் ஏரி. பழைய ஏரிகள்ல குமிழித் தூம்புன்னு ஒண்ணு இருக்கும்: கரையை விட்டுத் தள்ளி, ஏரிக்குள்ள ரெண்டு கல்தூண், அடியில கல்தொட்டி. மேல நீரோடித் துளை, கீழ சேறோடித் துளை. அடைப்பைத் தூக்கினா தண்ணியோட சேறும் சேர்ந்து வயலுக்குப் போயிடும். கீழ்த் துளை அடைஞ்சா என்ன ஆகும்? மேல தண்ணி வழக்கம்போலத்தான் ஓடும், பாக்கறவனுக்குக் குறையே தெரியாது. உள்ள வண்டல் வருஷா வருஷம் ஏறும், கொள்ளளவு குறையும். நல்ல மழை ஒண்ணு வந்தா தண்ணி நிக்க இடம் இல்லாம கலங்கலைத் தேடும். கலங்கல் வழியையும் அடைச்சு வீடு கட்டியிருந்தா கரை உடையும். இதுக்கு நடுவுல படையெடுப்பே வேணாம் பாருங்க.

இதைப் பாத்துக்கத்தான் உத்திரமேரூர்ல ஏரி வாரியம்னே ஒரு குழு. முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் வருஷக் கல்வெட்டு: குடவோலையில தேர்ந்தெடுக்கணும், 360 நாள்தான் பதவி, முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது! (இந்த விதியை இன்னிக்குப் படிச்சா பல பேருக்கு வயித்தைக் கலக்கும்.)

சென்னையில 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்தைத் திறந்தாங்க, ஊர் முங்குச்சு. 2019 கோடையில அதே ஏரி வறண்டு கிடந்துது. நாலே வருஷம். இதைப் பாத்துட்டு "எல்லாம் சுழற்சி சார்"னு சொல்றது சுலபம். மழை கூடறதும் குறையறதும் இயற்கை. தேக்கி வைக்கற இடம் குறைஞ்சது நாம பண்ணினது. தியாகராய நகர், 1920கள்ல மாம்பலம் ஏரியை வத்த வச்சு எழுப்பின ஊரு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, லேக்தான் இல்ல.

அதனால, நம்ம காலம் கவுந்துடுமான்னு மொத்தமா கேக்காதீங்க. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை பேர் கை சேரணும்னு எண்ணுங்க. தோசை மாவு அரைக்கறதுக்கு ஒரு வீடு போதும். உங்க செல்போன்ல இருக்கற சிப்பு அப்படி இல்ல; ரொம்ப நுணுக்கமான சிப்புக்கு ஒளியால அச்சடிக்கற மெஷினை நெதர்லாந்துல ஒரே ஒரு கம்பெனிதான் செய்யுது. சிக்கல் வந்தா எது முதல்ல நின்னு போகும்னு நீங்களே சொல்லிடுவீங்க. சரி, அடுத்து கீழடி பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு.