இதயம் தளர்ந்தவர் எழுந்து நடக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருக்கு இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்குப் போதிய இரத்தத்தை இறைக்க முடியாமல் இதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாள் முதல், வீட்டில் அந்த நோயாளியை அசையவிட மாட்டோம். தண்ணீர்ச் செம்பைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படுக்கை உடம்பை என்ன பாடுபடுத்தும் என்பதைக் கேளுங்கள்.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், ஒரு நோயும் இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு வயது ஏறியதில் இறங்கியதைவிட, அந்த மூன்று வாரத்தில் இறங்கியதுதான் அதிகம்!

இளைஞருக்கே இப்படி என்றால், சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்துகொண்ட எழுபது வயதுக்காரர் என்ன ஆவார்? ரீஹேப்-எச்.எஃப். என்ற அமெரிக்க ஆய்வு இத்தகையவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. முடிவு 2021இல் வெளியானது. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 349 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு நடை, கால் வலு, தள்ளாடாமல் நிற்பது, களைக்காமல் தாக்குப்பிடிப்பது ஆகியவற்றில் பயிற்சி. அதையும் மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கி, மூன்று மாதம் கொடுத்தார்கள்.

அவர்கள் அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்துப் பத்து நொடி நிற்க வேண்டும். நான்கு மீட்டர் நடக்க வேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். மூன்று மாத முடிவில் பயிற்சி பெற்றவர்களின் சராசரி 8.3, மற்றவர்களுடையது 6.9. சிறிய வித்தியாசமாகத் தோன்றலாம். பிடிமானம் இல்லாமல் எழுந்து கழிவறைக்குப் போக முடிகிறதா என்று தவிக்கும் முதியவரிடம் கேளுங்கள், அதன் மதிப்பு தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிவந்ததில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு நடந்தால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

படுத்தால் மூச்சு முட்டினாலோ, சில நாட்களிலேயே எடை கூடிக் கால் வீங்கினாலோ நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே, "எவ்வளவு நடக்கலாம், எந்தப் பயிற்சி செய்யலாம், யார் கற்றுத்தருவார்கள்?" என்று கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி.