தண்ணீருக்கு 150 நாள்

வணக்கம். வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லுக்கு என்ன நோய், அதற்கு என்ன மருந்து என்று சொல்வார்கள். இன்றைக்கு திருவாரூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஒருவன் வந்து கேம் பற்றிப் பேசப்போகிறான். ரேடியோவை அணைத்துவிடாதீர்கள், நான் சொல்லப்போகும் கேமும் தண்ணீரைப் பற்றியதுதான்.

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்தால் கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசியில் எங்கள் வயலுக்கு வரும். வராமலும் போகும். 2002-இலும் 2003-இலும் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வந்தது, போனது, மேட்டூர் திறக்கவில்லை. எனக்கு அப்போது 16 வயது. அப்பா தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மதகு வரைக்கும் நடந்து போய், காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். போகாமலே தெரியும், ஆனாலும் போவார்.

அந்த இரண்டாவது வருடம்தான் சென்னையில் வேலை பார்த்த பெரியப்பா மகன், புதுசு வாங்கிவிட்டேன் என்று தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு டப்பா நிறைய சிடி. அசல் சிடி இல்லை, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒன்று ஃபால்அவுட், 1997-இல் வந்த கேம். கதை இதுதான்: அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்துபோய், கொஞ்சம் பேர் பூமிக்கு அடியில் ஒரு பெரிய பதுங்கு கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் ஒரு சிப் பழுதாகிவிடுகிறது. தலைவர் உங்களைக் கூப்பிட்டு, வெளியே போய் ஒரு வாட்டர் சிப் தேடிக் கொண்டுவா, கையிருப்புத் தண்ணீர் 150 நாளைக்குத்தான் வரும் என்கிறார். கதவு மூடிவிடுகிறது. முதலில் ஒரு இடத்தைப் போய்ப் பார் என்பதோடு சரி, அதற்கு மேல் எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருடத்தில், மதகைப் பார்த்துவிட்டு அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்க, உள்ளே நான் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த மாதிரி கேமுக்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர், சுருக்கமாக ஆர்பிஜி. நீங்கள் ஒரு ஆளாக வேடம் கட்டிக்கொள்கிறீர்கள், அந்த ஆளுக்குப் பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, பேச்சுத்திறமை எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே புள்ளி பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் சண்டைதானே போடப்போகிறோம் என்று பலத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு புத்திக்கு 2 கொடுத்தேன். இரண்டு வாரம் ஆடியிருப்பேன், என் ஆள் யாரிடம் போனாலும் ம், ஆ என்றுதான் பேசினான், எதிரே இருப்பவர்களும் சின்னப் பிள்ளையை அனுப்புவதுபோல அனுப்பிவிட்டார்கள், நானும் அமெரிக்க இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, புத்தி 4-க்குக் கீழே போனால் அவனுக்குப் பேசவே வராது, அதற்கென்று தனியாக வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், பத்தில் ஒருவன்கூட எடுக்காத வழிக்கு உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறான் ஒரு மனுஷன்!

திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், பக்கத்தில் லிஃப்கோ டிக்ஷனரி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஊர்ப்பெயர்கள். முதலில் போகச் சொன்ன இடம் இன்னொரு பதுங்கு கூடம், இடிந்து கிடக்கிறது, கீழே இறங்கக் கயிறு வேண்டும். கயிறு வழியில் இருக்கிற ஊரிலேயே கிடைக்கும், அதை வாங்காமல் போனவன் திரும்பி நடக்க வேண்டியதுதான். நான் நடந்தேன். மோட்டார் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி மானிட்டரில் படம் நான்கு பக்கமும் சுருங்கும், கரண்ட் போனால் சேவ் செய்யாத அத்தனையும் போகும். இப்படியே நடந்து நடந்து 150 நாள் முடிந்தது. என் ஆள் பாலைவனத்தில் எங்கேயோ நிற்கிறான், பதுங்கு கூடத்தில் இருந்தவர்கள் தாகத்தில் செத்துப்போனார்கள் என்று காட்டி ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்துப்போய், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பரீட்சையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இடையில் ஒரு ஊரில் வியாபாரிகளுக்குப் பணம் கட்டினால் வண்டியில் தண்ணீர் அனுப்புவார்கள், இன்னும் 100 நாள் கூடக் கிடைக்கும். நம் ஊரில் டேங்கர் லாரி விடுகிற மாதிரி. எனக்கு அது அப்போது தெரியாது.

நான் சொல்லவந்தது இந்தத் தோல்வியைப் பற்றித்தான். பழைய கம்ப்யூட்டர் ஆர்பிஜிகள் உங்களைத் தோற்க விட்டன. இருபது முப்பது வருடத்தில் படம் அழகானது, சத்தம் வந்தது, எல்லாம் சரி, என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அதில் இல்லை. தோற்க விடுவது குறைந்துபோனதுதான்.

இதற்கு வேர் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் இரண்டு பேர் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவது. நம் வீட்டில் மழைநாளில் திண்ணையில் கட்டம் போட்டு உருட்டுகிற தாயத்தோடு ஒரு முழுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். தாயம் விழாவிட்டால் காய் கட்டத்துக்குள்ளேயே வராது, அதற்காக யாரும் வந்து நமக்குப் பரிதாபப்பட்டு ஒரு தாயம் போட்டுக் கொடுப்பதில்லை. அந்தக் குணம்தான் கம்ப்யூட்டருக்கும் வந்தது. 1981-இல் வந்த விசர்ட்ரி என்ற கேமில் பத்து மாடிச் சுரங்கம், மாடிக்கு 20-க்கு 20 கட்டம், வரைபடத்தை நீங்களே கிராஃப் தாளில் வரைந்துகொள்ள வேண்டும், உங்கள் குழு உள்ளே செத்தால் பிணம் அங்கேயே கிடக்கும், இன்னொரு குழுவைத் தயார் செய்து அனுப்பித் தூக்கிவர வேண்டும். 1985-இல் வந்த அல்டிமா என்ற கேமின் நாலாம் பாகத்தில் வில்லனே கிடையாது, எட்டு நற்குணங்களில் தேற வேண்டும், அவ்வளவுதான். அதில் மூலிகை விற்கிற ஒரு குருட்டுப் பெண், காசு எவ்வளவு என்று நீங்களே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கேம் மட்டும் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

ஃபால்அவுட்டுக்கே வருகிறேன். அந்த 150 நாள் கெடு போதாதென்று, 500 நாள் ஆனால் எதிரிகள் பதுங்கு கூடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இன்னொரு கெடுவும் முதலில் இருந்தது. ஆடியவர்கள் முணுமுணுத்தார்கள், அடுத்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அன்றைக்கே மதகு திறந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. 1998-இல் பால்டர்ஸ் கேட், 1999-இல் சுமார் எட்டு லட்சம் வார்த்தை கொண்ட ப்ளேன்ஸ்கேப் டார்மென்ட், 2000-இல் இரண்டாவது பால்டர்ஸ் கேட் என்று மூன்று வருடம் நல்ல விளைச்சல். அதற்கு மேல் ஓடவில்லை. கேம் செய்கிற செலவு ஏறிக்கொண்டே போனது, டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டிகளுக்குச் சந்தை போய்விட்டது, சோபாவில் சாய்ந்து கிடப்பவன் பக்கம் பக்கமாகப் படிக்க மாட்டான். ஃபால்அவுட்டின் இரண்டாம் பாகமும் டார்மென்ட்டும் செய்த பிளாக் ஐல் ஸ்டூடியோவை 2003 டிசம்பரில் மூடினார்கள். நான் 150 நாளில் தோற்ற அதே வருடம்.

ஃபால்அவுட் கைமாறி 2008-இல் மூன்றாம் பாகம் வந்தது. பிரமாதமான கேம், குறை சொல்ல மாட்டேன், கதையும் மறுபடி தண்ணீர்தான். ஆனால் எங்கே போக வேண்டும் என்று திரையில் அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும். கெடு இல்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டவன் ஒரு ஆளைக்கூட வழியில் தொலைக்க விரும்ப மாட்டான், அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. நானும் யோக்கியன் கிடையாது, கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

செத்துப்போனது என்று நினைத்ததை 2012-இல் ஆடுகிறவர்களே எழுப்பினார்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில், முன்பணம் கொடுங்கள் பழைய மாதிரி கேம் செய்து தருகிறோம் என்று கேட்டார்கள், பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டிக்கு மட்டும் கிட்டத்தட்ட 74,000 பேர் சேர்ந்து சுமார் 40 லட்சம் டாலர் போட்டார்கள். முதலாளிகள் வேண்டாம் என்ற சரக்குக்கு ஊரே சேர்ந்து வரி போட்டுத் தேர் இழுத்த மாதிரி. அந்த அலையில் மேலே வந்தது பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து லாரியன் ஸ்டூடியோஸ், அவர்கள்தான் 2023 ஆகஸ்டில் மூன்றாவது பால்டர்ஸ் கேட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் பாகம் ஐந்து சிடியில் வந்தது, இதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் போட்டு இறக்கினால் சரியாக நூறு நாள். நல்லவேளை, இப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது.

அதில் எனக்குப் பிடித்தது பகடை. பழைய கேம்களிலும் உள்ளுக்குள் பகடை உருண்டுகொண்டுதான் இருந்தது, கண்ணில் காட்ட மாட்டார்கள். இதில் யாரையாவது ஏமாற்றவோ மிரட்டவோ போனால் திரை நடுவே இருபது முகப் பகடை உருளும், 1 விழுந்தால் நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் தோல்விதான். தோற்றால் கதை நிற்பதில்லை, வேறு வாய்க்காலில் திரும்பிப் போகிறது, சில சமயம் அந்தப் பக்கம்தான் நல்ல காட்சி இருக்கும். ஆனால் என் கடைக்கு வருகிற பையன்களைப் பார்க்கிறேனே, 1 விழுந்ததும் கை தானாகப் பழைய சேவுக்குத் திரும்புகிற லோட் பட்டனுக்குப் போகிறது. இருபது விழும்வரை திரும்பத் திரும்ப உருட்டுகிறார்கள். தாயத்தில் இப்படிச் செய்தால் பாட்டி கையிலேயே ஒன்று வைப்பாள். இதைப் பார்த்தோ என்னவோ, 2023 நவம்பர் கடைசியில் லாரியனே இன்னொரு ஆட்டமுறையைச் சேர்த்தது, ஒரே ஒரு சேவ், திரும்பிப் போக வழியில்லை, செத்தால் செத்ததுதான். அதைத்தான் ஆடுவேன் என்று பந்தயம் கட்டுகிற பையன்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் சர்வீஸ் சார்ஜில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு வருத்தமும் சொல்ல வேண்டும். 2002-இல் வந்த ஐஸ்விண்ட் டேல் என்ற கேமின் இரண்டாம் பாகத்தைப் புதுப்பிக்கலாம் என்று தேடியபோது, அதன் மூல நிரல், அதாவது கேமை எழுதின அசல் பிரதி, எங்கேயும் கிடைக்கவில்லை. உத்தமதானபுரம் உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ச் செல்லரித்த ஏடுகளைத் தேடினார், அவை நூற்றுக்கணக்கான வருடம் கைமாறிப் பிரதியெடுத்து வந்தவை. இதற்கு இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. பூட்டி வைத்தவன் தொலைத்துவிட்டான், பிரதியெடுத்தவன் காப்பாற்றினான், அவ்வளவுதான் விஷயம். பழைய ஃபால்அவுட் இன்றைக்கும் ஓடுகிறது என்றால், விற்ற கம்பெனிகளோடு, சம்பளம் இல்லாமல் அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி எழுதின ரசிகர்களும் காரணம். அவர்கள் புண்ணியத்தில் ஆண்ட்ராய்டு போனிலேயே ஆடலாம், கேமை மட்டும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நானும் இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கி, போனில் போட்டு, ஊரில் திண்ணையில் உட்கார்ந்து ஆடினேன். சிப் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், கிட்டத்தட்ட முப்பது வருடமாகப் போகிற கேமில் இனி என்ன ரகசியம். அது நெக்ரோபோலிஸ் என்ற இடிந்த ஊரில் இருக்கிறது, அங்கே கதிர்வீச்சில் உருக்குலைந்த மனிதர்கள் வாழ்கிறார்கள், அந்த சிப்பை வைத்துத்தான் அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள். அப்படியே பிடுங்கிக்கொண்டு போகலாம். அல்லது பழைய உதிரிப் பாகம் தேடி அவர்கள் பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம்.

அப்பா பக்கத்தில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். என்னடா என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன். “பம்பை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு எடு. அவனுவளும் கடைமடைதான்” என்றார். சரி என்று பண்ணிக் கொடுத்தேன். எடுத்துப் போய்ச் சேர்த்தேன். கெடுவுக்கு இன்னும் நாள் மிச்சம் இருந்தது. அப்புறம் வேறு வேலைகள், எதிரிகள், எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆனது, முடிவுக் காட்சியை அப்பாவிடம் காட்டினேன். பதுங்கு கூடத்து வாசலில் தலைவர் வந்து நிற்கிறார். நீ எங்களைக் காப்பாற்றினாய், ஆனால் நீ உள்ளே வந்தால் மற்ற பிள்ளைகளும் உன்னைப் பார்த்து வெளியே போக ஆசைப்படுவார்கள், அதனால் நீ உள்ளே வரக்கூடாது என்று அனுப்பிவிடுகிறார். அவன் தனியாகப் பாலைவனத்தில் நடந்து போகிறான், படம் முடிகிறது.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

“தண்ணி கொண்டாந்தவனையா வெளிய போவச் சொல்றான்? மறுபடி மெஷின் கெட்டா யாரத் தேடுவானாம்?”

நன்றி, வணக்கம்.