ஐந்தில் ஒரு செக்கன்

அவையோருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் கூட்டம் என்றால் காலி வீதி நெரிசலைத் தாண்டித்தான் வரவேண்டும். களைத்து வந்திருக்கிறீர்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சற்று முன் இந்தத் தம்பியின் விரல்களுக்கு நடுவே அடிமட்டத்தைப் பிடித்து, சொல்லாமல் விட்டேன். 20 சென்ரிமீற்றர் விழுந்த பிறகே பிடித்தார். அவ்வளவு தூரம் விழ 0.2 செக்கன் ஆகும். தம்பி மந்தமில்லை; கண் கண்டு கை அசைய எல்லாருக்கும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். சத்தம் கேட்டு அசைவதென்றால் சற்றுக் குறைவு.

வெளிச்சம் மங்க மங்க இந்த நேரம் நீளும். பிரெஞ்சு உளவியலாளர் ஹென்றி பியரோன் 1914இல் இதைச் சூத்திரமாகவே எழுதினார். பிரகாசத்தைக் கூட்டினால் முதலில் நேரம் மளமளவென்று குறையும், அப்புறம் ஓர் எல்லையில் நின்றுவிடும். அதற்கு மேல் கூட்டினால் கண் கூசுமே தவிர கை வேகமாகாது. மரைன் டிரைவில் ஹை பீம் போட்டுக்கொண்டு எதிரே வருபவர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் புண்ணியம்.

சரி, நிறம்? சிவப்பைக் கண்டால் சட்டென்று அசைவோம் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணுக்கு ஒரே பிரகாசமாகத் தெரியும்படி வைத்தால் நிறங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பகலில் நம் கண்ணுக்கு நன்றாக உறைப்பது 555 நானோமீற்றர் பக்கத்துப் பச்சை-மஞ்சள். அதே சக்தியுள்ள சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். சிவப்புணர்வு குறைந்தவருக்கு இன்னும் மங்கல். சிவப்பென்றால் நில், பச்சையென்றால் போ என்று தெரிவு செய்யவும் தனியே நேரம் போகிறது. நெதர்லாந்துக் கண் மருத்துவர் டொண்டர்ஸ் 1868இலேயே அளந்து காட்டியது இது.

பிரேக் லைட்டை எடுங்கள். பழைய இழை மின்குமிழ் முழுசாக எரியவே கிட்டத்தட்ட 0.2 செக்கன் பிடிக்கும். எல்ஈடி உடனே எரியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருபவர் அந்த இடைவெளியில் 3 மீற்றருக்கு மேல் ஓடிவிடுவார். அதன்மேல் ஸ்டைலுக்குக் கறுப்பு ஸ்டிக்கரும் ஒட்டிய ஓட்டோவை என்ன சொல்ல?

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நூலில் திறப்பைக் கட்டி இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை ஒரு கண்ணுக்கு மட்டும் பிடித்து, இரண்டு கண்ணாலும் பாருங்கள். நேராக ஆடும் திறப்பு நீள்வட்டம் போடும்! மங்கலாகப் பார்க்கும் கண்ணின் செய்தி பிந்திப் போவதுதான் காரணம். 1922இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் பௌதிகவியலாளர் கார்ல் புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. அவரால் இதைப் பார்க்கவே முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், இங்கேயே பார்த்துவிடலாம்.