சந்தாவுக்கு முன்னால் ஒரு போன்: நெருக்கடிக்குப் பிறகு சங்கம் நடத்துவது

(காட்சி: காரைக்குடி. பூட்டிய சங்க அலுவலகம், வெயிலில் மங்கிய பெயர்ப்பலகை.)

குரல்: 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வணிகர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், இலக்கிய மன்றம் எல்லாவற்றிலும் கூட்டம் நின்றது. அப்புறம் கடைகள் திறந்தன, கல்யாணங்களும் பழையபடி ஜோராக நடக்கின்றன. ஆனால் சில சங்கங்களின் பொதுக்குழுவில் மட்டும், மேடையில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஏறக்குறைய சரிபாதி.

நிர்வாகிகளைக் கேட்டால், “ஜனங்களுக்கு ஆர்வம் போயிருச்சு” என்பார்கள். முதலில் பதிவேட்டைத் திறந்து பார்ப்போம்.

(காட்சி: பழைய உறுப்பினர் பதிவேடு, ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தில்.)

பெயர், தகப்பனார் பெயர், தெரு, போன். போன் கட்டத்தில் 04565 என்று ஆரம்பிக்கும் வீட்டு எண். அந்த இணைப்பே இப்போது இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. பையன் சென்னையில், பெண் சிங்கப்பூரில். 2019 வரை சந்தா வரவு, அதற்குப் பிறகு வரிசையாகக் காலிக் கட்டங்கள். இவர் விலகிவிட்டாரா, ஊர் மாறினாரா, உயிரோடு இருக்கிறாரா? சங்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாதவரைப் பற்றி ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

(காட்சி: நகரக் கோயில் ஒன்றின் கோபுரம், கல்யாண வீடு.)

ஆள் கணக்கு வைப்பதில் செட்டிநாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் என்றால் கோயில் மாலை வரும். புதுத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறுவார்கள். வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்.

அவர்கள் கடை வைத்திருந்த பர்மாவை (இன்றைய மியான்மர்) நினைத்துப் பாருங்கள். 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து போனது, புள்ளி போகவில்லை. குலமும் சாமியும் சேர்ந்த அமைப்பை வணிகர் சங்கத்தோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்த முறையைக் கடன் வாங்கலாம்: பணம் கட்டியவரை மட்டும் எண்ணாமல், சேர்ந்தவர் அத்தனை பேரையும் எண்ணுவது.

அதற்குப் போன்தான் வழி. வாட்ஸ்அப் குழுவில் போடும் அறிவிப்பு, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, அந்தத் தெருவைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்.

“வணக்கம் ஆச்சி, சங்கத்துலேருந்து பேசுறேன்.”

“சந்தாவுக்காப்பா?”

“இல்ல ஆச்சி, எல்லாரும் எப்படி இருக்கீகன்னு கேக்கத்தான். அண்ணன் இருக்காகளா?”

“அவுக போய் நாளாச்சேப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

இந்த இடத்தில் சந்தா பாக்கியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. துக்கம் கேளுங்கள், நேரில் ஒருவர் போய் வாருங்கள். பிறகு ஒரு நாள், சங்க விதி இடம் கொடுத்தால், ஆச்சியையே உறுப்பினராகச் சேர அழையுங்கள். பல சங்கங்களில் கணவர் பெயர்தான் ஏட்டில் இருக்கும். கூட்டத்துக்குச் சமையல் ஏற்பாடு வரை பார்த்தவர் பெயர் எங்கும் இருக்காது.

பேசி முடித்ததும் ஏட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: இவரால் என்ன முடியும்? ஒருவர் கணக்குப் பார்ப்பார். ஒருவருக்கு மாலையில் ஒரு மணி நேரம்தான் ஓய்வு. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் அவர் மறுபடி வருவார். சும்மா வந்து கைதட்டச் சொன்னால் வரமாட்டார்.

(காட்சி: ரசீதுப் புத்தகம்.)

அடுத்தது பணம். சங்கம் மூடிக் கிடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பாக்கி கேட்பது, இருக்கிறவரையும் விரட்டும் வேலை. என் கருத்தில், பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அதைத் தள்ளுபடி செய்துவிடலாம். அதே கூட்டத்தில், அந்த ஆண்டுகளில் கையிருப்பு எவ்வளவு, வாடகைக்கு, மின்கட்டணத்துக்கு என்ன போனது என்று ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

வெளியூர் உறுப்பினர்களுக்கு இணையவழிக் கூட்டம் நல்லது, நேரம் பார்த்து வையுங்கள். இங்கே இரவு 7 மணி என்றால் சிங்கப்பூரில் 9.30, துபாயில் மாலை 5.30. எட்டு மணிக்குத் தொடங்கி வரவேற்புரையே முக்கால் மணி நேரம் போனால், சிங்கப்பூர்க்காரர் நன்றியுரைக்கு முன்பே தூங்கியிருப்பார்.

பதிவு பெற்ற சங்கம் என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஆண்டுப் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் கட்டாயம். விட்டுப்போன ஆண்டுகள் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துச் சரிசெய்யுங்கள். இணையவழிக் கூட்டத்துக்கும் வாக்களிப்புக்கும் உங்கள் துணைவிதிகளில் இடம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், விதித் திருத்தத்தை அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்து அறிவிப்பு அனுப்புங்கள்.